சதுக்கத்தில் குழி தோண்டுவதற்கு முன்

கிழக்கு இங்கிலாந்தில் ஒரு கிராமச் சதுக்கம், அதாவது ஊர் நடுவிலுள்ள பொதுத் திடல். விளக்குக் கம்பங்கள் நடக் குழி வெட்டும்போது உடனிருந்து பார்ப்பதற்காகத் தொல்லியலாளர் என்ற முறையில் போயிருந்தேன். "வெறும் மண்தான், ஒன்றும் வராது" என்றார் மேஸ்திரி. முழங்கால் ஆழத்தில் வந்தது, கட்டைவிரல் நகத்தளவு பானை ஓட்டுத்துண்டு. தொட்டால் சோப்புப்போல் வழுவழுப்பு. உடைந்த விளிம்பில் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துகள். செயின்ட் நியோட்ஸ் வகைப் பானை. பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் இப்பகுதி அடுப்படிகளில் சர்வ சாதாரணம்.

ஒரே ஒரு ஓட்டுத்துண்டை வைத்துச் சதுக்கத்துக்கு வயது சொல்லிவிட முடியாது. குப்பை எருவோடு வயலுக்குப் போய்ச் சேர்ந்த ஓடுகளும் உண்டு. அவை ஏர் பட்டு, விளிம்பு மழுங்கிச் சிறுத்திருக்கும். கூர் மழுங்காத பெரிய துண்டுகள் குவிந்து கிடந்தால்தான் பக்கத்தில் வீடு இருந்தது என்று பேசலாம். அதனால் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் குழி எடுத்து, பத்து சென்டிமீட்டர் பத்து சென்டிமீட்டராக இறங்கி, மண்ணைச் சலித்துப் பார்க்கிறோம். சுற்றிலும் ஓடு, நடுவில் ஒன்றுமில்லை என்றால், அந்த வெற்றிடத்தை யாரோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டு முதல் இங்கே குடியேறிய ஜெர்மானிய மக்களான ஆங்கிலோ-சாக்சன்கள் வந்திறங்கியதுமே மாடு அடைக்க நடுவில் திடல் விட்டு வீடு கட்டினார்கள் என்ற கதையை நான் நம்புவதில்லை. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக் குடியிருப்புகள் பெரும்பாலும் சிதறிக் கிடந்தவை, இடமும் மாறியவை. நெருங்கிய கிராமங்கள் பலவும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குள் உருவானவை. வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் திடலின் இருபுறமும் வரிசை பிடித்து நிற்கும் ஊர்கள், 1069–70இல் நார்மன் மன்னன் வில்லியம் நாட்டின் வடக்குப் பகுதியை அழித்த பிறகு திட்டமிட்டு அமைத்தவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறு சில சதுக்கங்கள் தேவாலய வாசலில் கூடிய சந்தையிலிருந்து வளர்ந்தவை. தேவாலய வளாகத்தில் சந்தையும் திருவிழாவும் கூடாது என்று 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அங்கே வியாபாரம் எப்படி நடந்திருக்கும்!

சதுக்கத்தில் எதை நடுவதாக இருந்தாலும் முதலில் உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) வரலாற்றுச் சூழல் பதிவேட்டைக் கேளுங்கள்; அங்குள்ள தொல்லியல் இடங்களையும் பொருள்களையும் குறித்து வைத்திருக்கும் பதிவு அது. இங்கிலாந்தில் பதிவான ஊர்த்திடலை ஆக்கிரமிப்பது 1857, 1876 சட்டங்களின்படி குற்றம். ஓடு கிடைத்தால் இடத்தையும் ஆழத்தையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை மேஸ்திரி பெருமையாகத் தன் சாப்பாட்டு டப்பாவை நீட்டினார். உள்ளே ஏழு ஓடுகள், கழுவித் துடைத்தவை. எது எந்தக் குழியில் கிடைத்தது என்பதுதான் அவருக்கு நினைவில்லை.