பெயர் முதலில், கோட் பிறகு

“என் பைத்தான் புராஜெக்ட்டில் பத்து ஃபைல்கள். பத்திலும் ‘இம்போர்ட் ஜேசன்’ என்று எழுதியிருக்கிறேன். ஜேசன் மாட்யூல் பத்து முறை மெமரியில் ஏறுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏறாது. ஒரே முறைதான்.

பைத்தானில் ஒரு ஃபைல் என்பது ஒரு மாட்யூல். அதை இன்னொரு ஃபைலில் பயன்படுத்த வரவழைப்பதுதான் இம்போர்ட். மாட்யூல்களை அடுக்கிய ஃபோல்டர் பேக்கேஜ். இம்போர்ட் கேட்கும் மாட்யூலை எங்கெங்கே தேடுவது என்ற வரிசை ‘சிஸ்.பாத்’ பட்டியலில் இருக்கிறது. நாம் ஓட்டும் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கே வழக்கமாக அதில் முதலிடம். நம் ஃபைலுக்கு ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்தால் பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூல் கிடைக்காமல் போவது இதனால்தான்.

தேடுவதற்கும் முன்னால் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ என்று, ஏற்றிய மாட்யூல்களைப் பெயரோடு வைத்திருக்கும் ஒரு டிக்‌ஷனரி உண்டு. கேட்ட பெயர் அதில் இருந்தால், பைத்தான் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். இல்லையென்றால் ஃபைலைக் கண்டுபிடித்து, காலியான மாட்யூல் ஒன்றை உருவாக்கி, பெயரைப் பதிந்துவிட்டு, அதன்பிறகே ஃபைலில் உள்ள கோட் வரிகளை ஓட்டும். பெயர் வெட்டிய காலிப் பாத்திரம் முதலில் அலமாரிக்குப் போகிறது, நிரப்புவது அப்புறம்.

ஏன் இந்த வரிசை? ‘பில்’ என்ற மாட்யூல் தொடக்கத்திலேயே ‘வரி’ (டாக்ஸ்) என்ற மாட்யூலை இம்போர்ட் செய்கிறது, ‘வரி’ திரும்ப ‘பில்’லைக் கேட்கிறது என்று வையுங்கள். பெயர் முன்பே பதிவாகியிருக்காவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று முடிவில்லாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். பதிவாகியிருப்பதால், பாதி நிரம்பிய ‘பில்’ ‘வரி’க்குக் கிடைக்கிறது. ‘இம்போர்ட் பில்’ என்று எழுதியிருந்தால் அதுவே போதும், ‘பில்.மொத்தம்’ என்ற ஃபங்ஷனை, பிறகு கூப்பிடும்போதுதான் உள்ளே தேடும். ‘ஃப்ரம் பில் இம்போர்ட் மொத்தம்’ என்று எழுதினாலோ அந்தப் பெயர் அப்போதே வேண்டும். ‘மொத்தம்’ இன்னும் பிறக்கவே இல்லை. இம்போர்ட் எரர்!

இம்போர்ட் வரிகளை மேலும் கீழும் நகர்த்திப் பார், சரியாகிவிடும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சில சமயம் சரியாகியும் விடும். காரணம் தெரியாமல் பலிக்கும் பரிகாரத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். இரண்டுக்கும் பொதுவான ஃபங்ஷன்களை மூன்றாவது மாட்யூலுக்கு மாற்றினால் சுழற்சியே இருக்காது.

‘ஒரே முறை’ என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு: ‘பில்’லை நேரடியாக ஓட்டினால் அது ‘மெயின்’ என்ற பெயரில் பதிவாகும். ‘வரி’ தேடுவதோ ‘பில்’ என்ற பெயரை. பதிவு இல்லாததால் அதே ஃபைல் இரண்டாம் முறை ஓடும். முதல் வரியில் ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்கள், இரண்டு முறை வரும்.