மார்க் வருகிறது, பாடம் வரவில்லை

இயற்பியலில் 95, 98 என்று வாங்கிவிட்டு வரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பந்தை நேர்மேலே எறிகிறோம், உச்சிக்குப் போய்த் திரும்புகிறது; அந்த உச்சியில் அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், என்ன? பெரும்பாலும் சட்டென்று 'பூஜ்யம்' என்றுதான் பதில் வரும். பூஜ்யமாவது திசைவேகம்தான், முடுக்கம் அங்கேயும் புவியீர்ப்பு தரும் அதே 9.8 மீ/வி². இரண்டுமே பூஜ்யமானால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடாதா என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆனால் பந்து எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டிருந்தால், சூத்திரத்தில் எண்களைப் போட்டு அரை நிமிடத்தில் விடை சொல்லியிருப்பார்கள். அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இந்த 9.8 உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணில் படாது.

மக்குப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூரும் 1990 வாக்கில் இதையேதான் பார்த்தார். கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போடும் தன் மாணவர்களுக்கு, கணக்கே இல்லாத எளிய கேள்விகளை, விசையைப் பற்றித்தான், கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டாராம்! அப்புறம்தான் அவர் விரிவுரையைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் முதலில் விடையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும் என்று வகுப்பையே மாற்றினார்.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான் சிக்கல்: பக்கம் பழகிப்போகிறது, பழகியதை நாம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை மறுபடி மறுபடி வாசித்தது, இன்னொன்று பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் படிப்பு ஏன் பலித்த மாதிரியே இருக்கிறது, ஏன் அடுத்த வகுப்பில் காலை வாருகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பெற்றோர்கள் விடைத்தாளில் தப்பாகப் போன கணக்கைத்தான் தோண்டுகிறார்கள். சரியாகப் போட்ட ஒன்றை எடுத்து, இதில் நிறையை இரண்டு மடங்காக்கினால் விடை மாறுமா, ஏன் என்று கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிட்டால் இன்னும் நல்லது, பிள்ளை உங்களுக்குப் புரியவைத்தாக வேண்டும்.