தணிக்கை

‘படம் தணிக்கைக்குப் போயிருக்கிறது’, ‘சங்கக் கணக்கு தணிக்கை முடிந்தது’. இரண்டிலும் ஒரே சொல். சூட்டைத் தணிப்பதுபோல் காட்சியின் காரத்தைத் தணிப்பதால் தணிக்கை என்று விளக்குவோர் உண்டு. கேட்க நயம்தான், ஆனால் சரியில்லை. ஆராய்ந்து சரிபார்த்தலைக் குறிக்கும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல், உருது வழியாக அலுவலகத் தமிழில் புகுந்து தணிக்கை ஆனது. தெலுங்கின் ‘தனிகீ’ இதன் உடன்பிறப்பு. கணக்குப் பொருளே மூத்தது. சினிமாப் பொருள் ‘சென்சார்’ என்பதற்கு ஈடாகப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பழைய ரோமில் சென்சார் என்பவர் குடிகளையும் சொத்தையும் கணக்கெடுத்து, ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரி. கணக்கேடும் கண்டிப்பும் அங்கேயும் ஒரே ஆளிடம்தான் இருந்தன!

இந்தியச் சட்டத்தில் திரையிடும் முன்பே பார்த்து அனுமதிப்பது சினிமாவுக்கு மட்டும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் சொல்வதோ ‘சான்று’. படங்களைப் பார்த்துச் சான்று தரும் மத்திய வாரியத்தின் பெயரிலும் 1983இல் ‘சென்சார்’ நீங்கி ‘சான்றளிப்பு’ வந்துவிட்டது. செய்தித்தாள்கள்தான் இன்னும் மாறவில்லை. 2023 திருத்தம், பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கலாம் என்னும் யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாக்கியது. இதில்தான் குழப்பம் அதிகம். இந்த வயதுக்குறி பெற்றோர் முடிவெடுக்கத்தான். அதைக் காட்டித் திரையரங்கு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. 18 வயது நிரம்பாதவரைத் தடுப்பது ‘ஏ’ சான்று. சான்று வாங்கிய பின் காட்சியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வாரியத்துக்குத் தெரிவித்துச் சான்றில் குறிப்புப் பெற வேண்டும். சொல்லாமல் செருகினால் குற்றம்.

பத்திரிகைக்குப் பதிவு உண்டு, தணிக்கை கிடையாது. அச்சிடும் முன் அதிகாரியிடம் காட்டச் சொன்ன உத்தரவை 1950இல் பிரிஜ் பூஷண் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1975 நெருக்கடி நிலையில் நடந்ததை ‘முன்தணிக்கை’ என்று எழுதுவது பொருத்தம். தொலைக்காட்சிக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் உண்டு. மீறினால் நடவடிக்கை ஒளிபரப்பான பிறகுதான். ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி வயதுப் பிரிவைத் தாங்களே குறிக்கின்றன. புகார் வந்தால் தளத்தின் குறைதீர் அலுவலர் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இணையப் பக்கத்தை மறைப்பதற்கு ‘முடக்கம்’ என்பதே சரி.

ஆக, படத்துக்குச் சான்றளிப்பு, கணக்குக்குக் கணக்காய்வு. பின்னது இலங்கையில் அரசு வழக்காகவே இருக்கிறது.