ஆவரேஜ் பண்ணுவது: அடக்கம் தாழ்த்தல்

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்து டீக்கடையில் போன வாரம் காதில் விழுந்த பேச்சு: "இறங்கிட்டே இருக்கு மச்சான், இன்னும் கொஞ்சம் போட்டு ஆவரேஜ் பண்ணிடு." கிரிப்டோ என்னும் டிஜிட்டல் காயின்கள் பற்றித்தான்.

வாங்கிய காயின் விலை இறங்கும்போது, அந்தக் குறைந்த விலையில் மேலும் வாங்கிச் சேர்ப்பதற்கு இந்தப் பெயர். 50 ரூபாய் விலையில் 100 காயின் வாங்கியவர், விலை 25க்கு வந்ததும் இன்னொரு 100 வாங்குகிறார் என்று வைப்போம். சராசரி 37.50. இரண்டாம் முறை வாங்காவிட்டால், போட்ட பணம் திரும்ப விலை 25இலிருந்து இரண்டு மடங்காக வேண்டும். வாங்கிவிட்டதால் ஒன்றரை மடங்கு போதும். ஆனால் விலை 10க்குப் போனால்? இரண்டாம் முறை வாங்காதவருக்கு நட்டம் 4,000 ரூபாய், வாங்கியவருக்கு 5,500.

ஆவரேஜ் என்பது துறைமுகத்தில் பிறந்த சொல். சேதமான சரக்கைக் குறிக்கும் 'அவார்' என்ற அரபுச் சொல்தான் இத்தாலியில் 'அவாரியா'வாகவும், பிரெஞ்சில் 'அவாரி'யாகவும் மாறி ஆங்கிலத்துக்குப் போனது என்று பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளினால், அந்த நட்டத்தைச் சரக்கு ஏற்றிய எல்லோரும் கப்பல்காரரும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கணக்குப் பாடத்து ஆவரேஜ் அங்கிருந்து வந்ததுதான். தம்புச் செட்டித் தெருவில் கப்பல் சரக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, இந்தப் பங்கீட்டின் பெயரான 'ஜெனரல் ஆவரேஜ்' இன்றும் நடைமுறைச் சொல். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கும் அதை அறிவித்தார்கள். கிரிப்டோவில் ஆவரேஜ் பண்ணுபவருக்கு அப்படிப் பங்கு போட ஆள் கிடையாது. முழு நட்டமும் அவருடையதே.

தமிழில் சராசரி என்கிறோம். இதுவும் வந்த சொல்தான்: பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை, 'சராசர்' என்றால் ஒரு தலையிலிருந்து மறு தலை வரை. நம் வேர்ச்சொல்லில் வேண்டுமென்றால் நிரவல் இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுத் தரையைச் சமமாக்குவது நிரவுவது. அழகான சொல், ஆனால் இங்கே எனக்கு அது போதவில்லை. விலையே சமமாகிவிட்டது போல ஒரு தோற்றம் தருகிறது.

நான் பரிந்துரைப்பது அடக்கம். வாங்கிய விலை, கூலி, வண்டி வாடகை எல்லாம் அடங்கியது அடக்க விலை. வியாபாரிகள் வாயில் தினமும் புழங்கும் சொல். காசிமேட்டில் ஒருநாள் விடியற்காலை ஏலத்தில், எனக்குத் தெரிந்த மீன்கார அக்கா ஒரு கூடை சங்கராவை 3,000 ரூபாய்க்கு எடுத்தார். அப்புறம் இன்னும் இரண்டு படகு வந்து சேர, அடுத்த கூடை 2,000க்கு விழுந்தது. "ரெண்டையும் சேர்த்தா அடக்கம் ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்றார். மூன்றாவது கூடை இன்னும் மலிவாகப் போனது, அவர் கையை நீட்டவில்லை. "எடுத்தா சாயங்காலத்துக்குள்ள வித்தாவணும்ல தம்பி?" அடக்கம் தன்னுடையது, விலை சந்தையுடையது என்ற பிரிவினை அவர் பேச்சில் தெளிவாக இருந்தது.

சரி, பலர் ஒரே நேரத்தில் அடக்கம் தாழ்த்தினால் சந்தையில் என்ன ஆகும்? முதலில், கீழ் விலைகளில் வாங்கும் ஆர்டர்கள் அடுக்கடுக்காக நிற்பதால் சரிவு மெதுவாகிறது. கையிருப்புப் பணம் தீர்ந்ததும் அந்தத் தாங்கல் மறைகிறது, விற்பவர் மட்டும் மிஞ்சுகிறார். கடன் வாங்கி ஆடியவர்களின் காயினை, வாங்கல் விற்றல் நடக்கும் தளமான எக்ஸ்சேஞ்சே கட்டாயமாக விற்கத் தொடங்கினால் சரிவு வேகமெடுக்கும். விலை மீளும்போதும் இதன் நிழல் உண்டு: "அடக்கம் வந்தால் போதும், வெளியேறிவிடலாம்" என்று காத்திருந்தவர்கள் அந்த விலைக்கு வந்ததும் விற்பார்கள், ஏற்றம் அங்கே முட்டி நிற்கும். பிட்காயின் போன்ற பெரிய சந்தையில் சில்லறைக்காரர்களின் இந்த வாங்கல் எளிதில் கரைந்துவிடும். ஆர்டர் குறைவான சின்னக் காயினில் விலையையே அசைக்கும்.

ஒரே செயலுக்கு இரண்டு முடிவுகளைப் பார்த்தோம். 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவுக்கு ஏறிய பிட்காயின் 2022 நவம்பரில் 16,000க்கும் கீழே வந்து, 2024 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டியது. இறங்க இறங்க வாங்கியவர்கள் தப்பித்தார்கள். லூனா என்ற இன்னொரு காயின், 2022 மே தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழ். அந்த நாட்களில் காயின்களின் எண்ணிக்கையே ஆறு லட்சம் கோடிக்கும் மேல் பெருகியது. வாங்கியவரின் அடக்கம் தாழ்ந்தது, அவர் கையில் இருந்த காயினோ காசு பெறாததாகிவிட்டது.

டீக்கடைத் தம்பி சொன்னதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இன்னும் கொஞ்சம் போட்டு அடக்கத்தைத் தாழ்த்து." கேட்பவர் உடனே திருப்பிக் கேட்பார், எவ்வளவு போட்டால் எவ்வளவு தாழும் என்று.