பழகிய அளவும் மூச்சும்

வலி நிவாரணப் பிரிவில் மார்ஃபின் எழுதித் தரும்போதெல்லாம், "டாக்டர், இது அடிமையாக்கிவிடாதா?" என்று நோயாளியைவிட உடன் வந்தவரே முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மூச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

புற்றுநோய் வலிக்காக ஃபெண்டனில் (மார்ஃபின் வகை வலி மருந்து) பேட்ச்சைத் தோலில் ஒட்டியிருந்த முதியவர் ஒருவரை, "நேற்றிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறார்" என்று மகன் அழைத்து வந்தார். கண்மணிகள் குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தன; நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சுதான். முதுகைத் திருப்பிப் பார்த்தால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பேட்ச்சில் பழையதை உரிக்காமலே புதியதையும் ஒட்டி, மேலே வெந்நீர்ப் பையும் வைத்திருக்கிறார்கள். சூடு பட்டால் தோல் வழியே மருந்து வேகமாக இறங்கும். காலம் முடிந்த பேட்ச்சிலும் மருந்து மிஞ்சியிருக்கும். இரண்டையும் உரித்து, அந்த மருந்தின் விளைவை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்திய சில நிமிடங்களில் கண் விழித்தார். ஆயினும் நலாக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் அடங்கிவிடும், தோலில் தேங்கிய ஃபெண்டனிலோ பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால், இரவு முழுவதும் அவரைக் கண்காணிப்பில் வைத்தோம்.

மார்ஃபின், ஃபெண்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியையே மந்தப்படுத்துகின்றன. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்த ஆபத்து பன்மடங்காகும். (மலச்சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்: மற்ற பக்கவிளைவுகள் பழகப் பழகக் குறைந்தாலும் இது குறையாது, மலமிளக்கியை முதல் நாளே தொடங்குவது நல்லது.)

வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடல்வலி என விலகல் அறிகுறிகள் எல்லாம் வரும். இது உடல் மருந்துக்குப் பழகியதன் அடையாளம். இதை மட்டும் வைத்து ஒருவரை அடிமை என்று சொல்லிவிட முடியாது. கெடுதல் நேர்வது தெரிந்தும் விட முடியாமல் தேடிப் போவதே அடிமைத்தனம். முன்னதற்கு அளவைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். பின்னதற்குச் சிகிச்சை வேண்டும்.

அந்தச் சிகிச்சையில் நான் அதிகம் அஞ்சுவது, மருந்தில்லாமல் சில வாரங்கள் மட்டும் வைத்து "சுத்தமாக்கி" வீட்டுக்கு அனுப்பும் முறையைத்தான். அதற்குள் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது, ஏக்கமோ அப்படியே இருக்கிறது. பழைய அளவை ஒரே ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். மாறாக, அடிமைத்தனச் சிகிச்சைக்குத் தரப்படும் ஓபியாய்டு மருந்துகளான மெத்தடோனையோ புப்ரினார்ஃபினையோ தொடர்ந்து எடுப்பவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இவற்றை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: புப்ரினார்ஃபின் ஏக்கத்தை அடக்கும், ஆனால் மூச்சை அது மந்தப்படுத்துவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

சிகிச்சைக்கு வருபவரிடம் "கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். குற்ற விசாரணை என்று எண்ணிச் சிலர் நாளைக் கூட்டிச் சொல்கிறார்கள். இன்று காலை எடுத்தவர் நான்கு நாளாயிற்று என்று சொன்னால், நாங்கள் தரும் முதல் புப்ரினார்ஃபின் மாத்திரையே உடலில் இன்னும் இருக்கும் ஓபியாய்டின் இடத்தைப் பிடித்து, அவருக்குக் கடும் விலகல் அறிகுறிகளைக் கிளப்பிவிடும்.