தூக்கில் தொங்கியவரின் கண் திறந்தது: ஃபிராங்கன்ஸ்டைன் நாவலுக்குப் பின்னால் இருந்த அறிவியல்

1803 ஜனவரியில் லண்டன் நியூகேட் சிறையில் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவரைத் தூக்கில் போட்டார்கள். மனைவியையும் குழந்தையையும் கால்வாயில் மூழ்கடித்துக் கொன்றார் என்பது தீர்ப்பு. கொலைக் குற்றவாளிகளின் உடலை அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் கொடுக்கலாம் என்று 1752 முதலே சட்டம் இருந்ததால், உடல் நேராக அறுவை மருத்துவர்களிடம் போனது. அங்கே காத்திருந்தவர் ஜியோவன்னி அல்தீனி. இத்தாலிக்காரர், செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்த சோதனையால் புகழ்பெற்ற கால்வானியின் சகோதரி மகன். பேட்டரியிலிருந்து வந்த கம்பிகளை அவர் பிணத்தின் முகத்தில் வைத்ததும் தாடை நடுங்கியது, முகத் தசைகள் கோணிக்கொண்டன, ஒரு கண் திறந்தது. அப்புறம் கை முஷ்டி பிடித்து மேலே எழும்பியது, கால்கள் உதறின. பார்த்தவர்களில் சிலர் ஆள் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தார்கள்.

இதில் மாயம் ஏதும் இல்லை. மனிதர் இறந்துவிட்டாலும் அவருடைய தசை செல்கள் அதே நிமிடம் இறப்பதில்லை. நரம்பு, தசை செல் ஒவ்வொன்றும் தன் சவ்வின் உள்பக்கத்தை வெளிப்பக்கத்தைவிட எதிர்மின்னூட்டம் கூடியதாக வைத்திருக்கும், நரம்பு செல்லில் இந்த வித்தியாசம் சுமார் 70 மில்லிவோல்ட். வெளியிலிருந்து ஒரு மின் அதிர்ச்சி வந்தால் சவ்வில் இருக்கும் கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, அந்த அலை நரம்பு வழியே தசைக்குப் போகிறது, தசைக்குள் கால்சியம் வெளிப்படுகிறது, உடனே மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல, தசை சுருங்குகிறது. இதற்கு வேண்டிய ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறில் இருக்கிறது. மூச்சு நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். அது தீர்ந்ததும் இழைகள் பிடித்த பிடியை விட முடியாமல் இறுகிவிடும், உடல் விறைத்துப்போவது இதனால்தான். ஆகவே அல்தீனிக்குச் சில மணி நேர அவகாசம்தான் இருந்தது.

கால்வானி 1791-ல் தன் தவளைச் சோதனைகளை வெளியிட்டபோது, விலங்கின் உடம்புக்குள்ளேயே ஒரு மின்சாரம் இருக்கிறது என்றார். இன்னொரு இத்தாலிய விஞ்ஞானியான வோல்டா அதை மறுத்து, இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொள்வதால்தான் மின்சாரம் வருகிறது என்றார், அதை நிரூபிக்கப் போய் 1800-ல் உலகின் முதல் பேட்டரியையும் செய்துவிட்டார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

உயிரற்ற உடலுக்கு ஒருவன் உயிர் கொடுக்கும் கதையான ஃபிராங்கன்ஸ்டைனை எழுதி, பின்னாளில் மேரி ஷெல்லி என்று உலகம் அறிந்த மேரிக்கு, ஃபார்ஸ்டரின் கண் திறந்தபோது வயது 5. அவருடைய தந்தை வில்லியம் காட்வின் ஒரு தத்துவவாதி, வீட்டுக்கு ஹம்ஃப்ரி டேவி போன்ற வேதியியலாளர்களும் கவிஞர் கோல்ரிட்ஜும் வந்துபோவார்கள். இந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்து வளர்ந்த பெண் அவர்.

நாவல் தொடங்கிய இடம் ஜெனிவா ஏரிக்கரை, 1816. எல்லாரும் சொல்லும் கதைதான்: ஓயாத மழை, வீட்டுக்குள் அடைந்து கிடந்த கவிஞர் பைரன், மேரியின் காதலரும் கவிஞருமான பெர்சி ஷெல்லி, மருத்துவர் போலிடோரி, 18 வயது மேரி, ஜெர்மன் பேய்க்கதைகளைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கதை எழுதலாம் என்றார் பைரன். அந்த மழைக்குக் காரணம் 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் வெடித்த தம்போரா எரிமலை. எரிமலைச் சாம்பல் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். ஆனால் அது கக்கிய கந்தக வாயு, மேகங்களுக்கும் மேலே மழை கழுவ முடியாத உயரத்துக்குப் போய், நுண்துளிகளாக மாறி, உலகம் முழுக்கப் பரவி மாதக்கணக்கில் வெயிலைத் திருப்பி அனுப்பியது. மறு வருடம் ஐரோப்பாவில் கோடை என்ற ஒன்று வரவே இல்லை, பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது.

சரி, மழையும் தவளையும் மட்டும் இந்த நாவலைத் தந்துவிடுமா? அந்தச் சமயம் லண்டனில் இன்னொரு சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது. உயிர் என்பது மின்சாரம் மாதிரி ஒரு நுண்பொருள், உடம்போடு சேர்க்கப்படுவது என்று அறுவை மருத்துவர் ஜான் அபர்நெத்தி சொன்னார். அவரிடம் பாடம் படித்த வில்லியம் லாரன்ஸோ, தனியாக அப்படி எதுவும் இல்லை, உடம்பின் இயக்கமே உயிர் என்றார். இந்த லாரன்ஸ்தான் பெர்சி ஷெல்லிக்கு வைத்தியம் பார்த்தவர். நாவலின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிரற்ற பொருளுக்குள் ஒரு பொறியைச் செலுத்தினான் என்று மேரி எழுதும்போது இந்தச் சண்டைக்குள்தான் நிற்கிறார். மின்னலை இழுத்துவரும் ராட்சத இயந்திரமெல்லாம் சினிமா சேர்த்தது, நாவலில் கிடையாது.

ஆனால் இந்த எல்லாவற்றையும்விட ஆழமான வேர் மேரியின் சொந்த வாழ்க்கையில் இருக்கிறது என்பதே என் எண்ணம். அவருடைய தாய், பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட், 1795-ல் தேம்ஸில் குதித்தவர், கரையேற்றி உயிர் மீட்கப்பட்டவர். மூழ்கியவர்களைச் சூடேற்றி, மூச்சு ஊதிப் பிழைக்கவைக்கவே லண்டனில் 1774 முதல் ஒரு சங்கம் இயங்கியது. அப்படிப் பிழைத்த தாய் இரண்டே ஆண்டுகளில், மேரியைப் பெற்றெடுத்த சில நாட்களில், பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். 1815-ல் மேரியின் முதல் குழந்தையும் பிறந்து இரு வாரங்களுக்குள் இறந்தது. அந்த மார்ச்சில் அவர் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதிவைத்தார்: குழந்தை வெறுமனே குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது. ஜெனிவாவுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்பே எழுதியது இது.

தத்துவத்தைப் பொறுத்தவரை, நாவலில் விக்டர் படைத்த அந்த உயிரைப் பாருங்கள். கண் விழித்ததும் அதற்கு ஒளி, ஒலி, மணம் எல்லாம் ஒரே குழப்பம். காட்டில் யாரோ விட்டுப்போன நெருப்பைக் கண்டு குளிருக்கு இதம் என்று மகிழ்ந்து கையைத் தணலுக்குள் விடுகிறது, சுடுகிறது, அலறிக்கொண்டு இழுத்துக்கொள்கிறது. இதம் தந்த அதே பொருள் வலியும் தருமா என்று வியக்கிறது. மனம் வெற்றுத்தாளாகப் பிறக்கிறது, அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் கருத்து அப்படியே காட்சியாகிவிட்டது. நாவலை எழுதிய காலத்தில் மேரி லாக்கைப் படித்துக்கொண்டிருந்தார். நல்லவனாகப் பிறந்தவனைச் சமூகம்தான் கெடுக்கிறது என்ற தத்துவவாதி ரூசோவின் சாயலும் இதில் உண்டு. ஒரு குடும்பத்தை ஒளிந்து பார்த்தே பேசக் கற்ற அந்த உயிர், அப்புறம் ஆதாம் ஏவாள் கதையைச் சொல்லும் மில்டனின் காவியத்தைப் படித்து, ஆதாமுக்காவது படைத்தவன் துணை இருந்தான், எனக்கு யாரும் இல்லையே என்று புழுங்குகிறது.

அது போட்டிருந்த அங்கியின் பையில் விக்டரின் ஆய்வுக் குறிப்புகள் இருக்கின்றன. தான் எப்படிச் செய்யப்பட்டோம் என்பதை அதில் வரி வரியாகப் படித்தபின்தான் அது விக்டரைத் தேடிப் புறப்படுகிறது. மோன் பிளாங்க் மலையடிப் பனியாற்றில் அவனை நிறுத்தி, என்னைப் படைத்தவன் நீ, எனக்கு நீ செய்ய வேண்டியதைச் செய் என்று கேட்கிறது. 1816 ஜூலையில் மேரி நேரில் போய்ப் பார்த்த பனியாறு அது.