சிவப்புப் புள்ளியை வைத்து வயலுக்குப் பழி போடாதீர்கள்

பஞ்சாபில் நெல் அறுவடைக்குப் பின் களச் சரிபார்ப்புக்குப் போயிருந்தபோது, அடிக்கட்டையை எரிக்காமல் மடக்கி உழுத விவசாயி ஒருவர், செயற்கைக்கோள் படத்தில் தம் வயல்மீது தீயைக் குறிக்கும் சிவப்புப் புள்ளி விழுந்ததற்காக வந்த நோட்டீஸை என்னிடம் நீட்டினார். அந்தப் பருவத்தில் நான் பார்த்த நான்காவது நோட்டீஸ் அது.

புள்ளி விழுந்த இடத்தில்தான் தீ எரிந்தது என்னும் எண்ணம் எத்தனை முறை விளக்கினாலும் போவதில்லை. சுவோமி என்பிபி, நோவா-20 ஆகிய வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள வியர்ஸ் கருவி, தீயைத் தேடும்போது தரையை ஏறத்தாழ 375 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களாகவே பார்க்கிறது. ஒரு சதுரம் சுமார் 35 ஏக்கர். அதற்குள் பலருடைய நிலம் அடங்கும். ஏதோ ஒரு மூலையில் சிறு பகுதி எரிந்தாலும் புள்ளி சதுரத்தின் நடுவில்தான் வைக்கப்படும் என்பதால், நடுவில் நிலம் வைத்திருப்பவர் தலையில் பழி விழுகிறது. படத்தின் ஓரங்களில் சதுரம் இன்னும் பெரிதாகும். தீயைத் தேடும் பழைய மோடிஸ் கருவிக்கோ நேர்க்கீழே பார்க்கும்போதே சதுரத்தின் பக்கம் 1 கிலோமீட்டர்.

புள்ளி இல்லையென்றால் தீயும் இல்லை என்று கொள்வது இதைவிட மோசம். இந்தச் செயற்கைக்கோள்கள் பகலிலும் இரவிலும் ஏறத்தாழ 1.30 மணிக்கே கடப்பதால், மாலை 4 மணிக்கு வைத்த தீ தப்பிவிடும். இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஆர் அரை மணிக்கொரு முறை பார்த்தாலும், அதன் 4 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் சிறு தீ கணக்கில் வராமல் போகும்.

வியர்ஸ், மோடிஸ் கருவிகள் தரும் தாவரக் குறியீடு, அதாவது பயிரின் பசுமையைக் காட்டும் அளவு, எந்த வட்டாரத்தில் நெல் முதலில் பழுக்கிறது என்று காட்டும். நடவைத் தள்ளிவைத்த 2009 நிலத்தடி நீர்ச் சட்டத்துக்குப் பிறகு, கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது; அடிக்கட்டைக்கு நடுவிலேயே விதைக்கும் ஹேப்பி சீடர் இயந்திரத்தை எங்கே முதலில் அனுப்புவது என்பதை அந்தப் படத்தைக் கொண்டு முடிவு செய்யலாம். அதைக் கேட்டு என்னிடம் வருவோர் மிகக் குறைவு.

நோட்டீஸ் எழுதும் முன் கருவியின் பெயரையும் நேரத்தையும் நம்பகப் படியையும் (அது தீதான் என்பது எவ்வளவு உறுதி என்பதை) பாருங்கள். பகலில் நம்பகம் குறைவென்று வந்தால் அது எதிரொளித்த வெயிலாகவும் இருக்கலாம். நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் புள்ளி செங்கல் சூளையாக இருக்கலாம். தரையை இன்னும் நுணுக்கமாகக் காட்டும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் கரிந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு வயலுக்கே போங்கள், ஓரிரு நாளுக்குள் போங்கள். விவசாயிகளை நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: உழுவதற்கு முன், தேதியும் இடமும் பதியும்படி வயலைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உழுத பிறகு எரித்த வயலையும் எரிக்காத வயலையும் பிரித்தறிவது எங்களுக்கே கடினம்.